அனுமதிக்கு ஒரு வரைபடம்

மற்றவர்களின் வீடுகளுக்கு முத்திரை குத்துவது
என் தொழில்.
எட்டரைக்குச் சபைக் கதவு திறந்தால்
வீதி நடுவிலிருந்து எத்தனை மீற்றர்,
கிணற்றிலிருந்து மலகூடக் குழி எத்தனை அடி
என்று கேட்டுக் கேட்டே மத்தியானமாகிவிடும்.

அன்றைக்குக் கச்சான் காற்று.
கோப்புகளின்மேல் கல் வைத்திருந்தேன்.
கடைசியாக வந்தவர் நல்லரெத்தினம்,
இறால் பிடிக்கிறவர்.
வாவியிலிருந்து பதினொரு மீற்றரில்
இரண்டு அறையும் ஒரு குசினியும் கேட்டார்.
ஒதுக்கு நிலம், ஏலாது என்றேன்.
"தண்ணி எனக்குத் தெரிஞ்ச ஆள், தங்கச்சி"
என்றார்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

களுதாவளைக்கு வந்து சேர ஐந்தரை.
பின்வளவில் யதுஷன்
குந்தியிருந்து கட்டிக்கொண்டிருந்தான்.
தேவதைகளும் சித்திரக்குள்ளர்களும் வரப்போகிறார்களாம்.
முதல் வீட்டை எறும்பு தின்றுவிட்டது,
கோதுமைமாப் பசையில் ஒட்டியதால்.
இது இரண்டாவது.
சுவருக்கு நாற்பத்துமூன்று ஐஸ்கிறீம் குச்சி
(பாதியை யாரோ தின்று எறிந்த இடத்திலிருந்து
பொறுக்கியிருக்கிறான், நான் கேட்கவில்லை),
உடைந்த ஓட்டில் கூரை,
வாசற்படிக்கு மட்டிச் சிப்பி.
என் தலையிடி மாத்திரை அட்டையின்
வெறும் குமிழிகள்தான் சன்னல்.
கதவு மட்டும் நிற்கவில்லை.
தீப்பெட்டித் தட்டு விழுந்துகொண்டே இருந்தது.

நான் பிணைச்சலுக்கு நூல் கட்டிக் கொடுத்தேன்.
அவன் கணக்குக் கொப்பியில் கிழித்த தாளை நீட்டினான்.
"சைன் வைங்க."
அளவுத்திட்டம் என்று எழுதி,
பக்கத்தில்:
ஒரு தேவதைக்கு ஒரு விரல்.

உரிமையாளர் பெயர்?
"வரக்க கேட்டு எழுதுவம்."
காணி உறுதி?
"பூவரசு மரத்திர இடம். அது வேணாமெண்டு சொல்லல்ல."
எத்தனை பேர் குடியிருப்பு?
"ஒள்ளுப்பம் பேர்தான்.
மறுகா கூடினா மேல கட்டலாம்."
வாவியிலிருந்து தூரம்?
எழும்பிப் போய்ப் பாய்ந்து பார்த்து வந்தான்.
"நாலு பாய்ச்சல்."
ஏலாது என்றேன்,
நாக்கு பழகிப்போன வேகத்தில்.

அவன் அழவில்லை. விளங்கப்படுத்தினான்,
சபைக்குப் புதிதாய் வந்த ஒருத்திக்கு
விளங்கப்படுத்துவதுபோல:
"அவங்க வாவியாலதான் வாறாங்க.
காலெல்லாம் ஈரம்.
தூரத்தில வெச்சா
வழியில வழுக்கி விழுவாங்கதானே?"

எங்கள் வீடு வாவியிலிருந்து ஒன்பது மீற்றர்.
சட்டம் வருவதற்கு முன் கட்டியது.
மழைக்குக் குசினிப் படிவரை தண்ணீர் வரும்,
நின்று பார்க்கும், போகும்.
இதை நான் சபையில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கையெழுத்து வைத்தேன்.
முத்திரை கேட்டான்.
பீற்றூட்டை வெட்டிக் குத்தினோம்.
வட்டம் சரியாக விழவில்லை,
சபையின் முத்திரையும் அப்படித்தான்.

அன்றிரவு ஒருவரும் வரவில்லை.
அடுத்த இரவும்.
சிப்பிப் படியில் அவன் வைத்த சீனியை
பழைய எறும்புகளே
வெட்கமில்லாமல் வந்து எடுத்துப் போயின.

ஐந்தாம் நாள் விடிய
கதவிருந்த இடத்தில் ஈரக்களிமண்.
நீலம் பாய்ந்த கறுப்பில்
இடுப்பு நூலாய் ஒரு குளவி,
வாவிக்கும் வீட்டுக்கும் பறந்து பறந்து
சேறு கொண்டுவந்து பூசிக்கொண்டிருந்தது.
வரைபடம் இல்லை. ஒரு படிவமும் நிரப்பவில்லை.
பக்கத்து வளவு மலர்விழி எட்டிப் பார்த்து
"குளவி கட்டினா வீட்டில புள்ள கிடைக்குமாம்"
என்று கண்ணடித்தாள்.
போடி என்றேன்.

யதுஷன் வாயில் விரல் வைத்தான்.
"வந்திட்டாங்க.
கதவ அடைச்சிட்டுப் படுக்கிறாங்க."

பையில் நல்லரெத்தினத்தின் கோப்பு.
என்ன எழுதுவதென்று
இன்னும் எனக்குத் தெரியாது.
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
படலைவரை
மெதுவாக நடந்தேன்.